சால்வையைத் தின்றவன் யார்?

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் பனி சற்று அதிகமாயிருந்தது. "அந்தச் சால்வையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுடா" என்று அம்மா கேட்டாள். சால்வை என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். 1989-ஆம் வருஷம் என் தகப்பனார் காசி யாத்திரை சென்று திரும்புகையில் டில்லியில் வாங்கி வந்த காஷ்மீரக் கம்பளிச் சால்வை அது. அவர் காலமாகிப் பதினொரு வருஷங்கள் ஆகின்றன. அவருடைய பொருள்களில் அம்மா தனக்கென்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அதைத்தான்.

பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்து விரித்தேன். ஜன்னல் வெளிச்சம் சால்வையின் வழியே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பத்தொன்பது துவாரங்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சால்வையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துவாரமாக விரலால் தடவிப் பார்த்தாள். நாலு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அச்சமயம் பீரோவுக்குள்ளிருந்து வைக்கோல் நிறத்தில் சிறு பூச்சி ஒன்று படபடவென்று வெளியே வந்தது. "இதுதான் திருடன்!" என்று கூவிக்கொண்டே என் மனைவி விளக்குமாற்றால் ஓர் அடி வைத்தாள். வழக்கு, விசாரணை, தண்டனை எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தன. மறுநாள் நான் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பொட்டலம் அந்துருண்டை வாங்கி வந்தேன். பீரோ, டிரங்குப் பெட்டி, பரண் மேலிருந்த பழந்துணி மூட்டை, ஒன்று பாக்கியில்லாமல் உருண்டைகளைப் போட்டு வைத்தோம். இனி அந்துப் பயமில்லை என்று நிம்மதியாக உறங்கினோம்.

தண்டிக்கப்பட்டவன் சால்வையைத் தின்றவன் அல்லன் என்பதும், நாங்கள் நியமித்த காவற்காரனே பெரிய ஆபத்து என்பதும் மூன்று மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தன.

* * *

பங்குனி மாதத்தில் என் தங்கை பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. புதுத் துணி குழந்தையின் மேனியை உறுத்தும், பாட்டியின் பழம்புடவைதான் மெத்தென்று இருக்கும் என்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் அல்லவா? பரணிலிருந்த மூட்டையை அவிழ்த்தோம். நைந்த நூற்புடவைகளைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினோம். துணியில் அந்துருண்டை வாசனை வீசியது. அது சுத்தத்தின் வாசனை என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டோம்.

நாலாம் நாள் குழந்தையின் கண்கள் மஞ்சளித்தன. பிறந்த குழந்தைக்கு இது சகஜம் என்று முதலில் அசட்டையாக இருந்துவிட்டோம். மாலைக்குள் குழந்தை பால் குடிக்கவும் எழுந்திருக்காமல் துவண்டு உறங்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் அம்மாள் குழந்தையைக் கையில் வாங்கினார். சுற்றியிருந்த துணியை மூக்கருகே கொண்டுபோனார். "இந்தத் துணி இதுவரை எங்கே இருந்தது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். அந்துருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருள். அது கட்டியாக இருந்துகொண்டே ஆவியாகிக் குறைவது. அந்த ஆவி துணியில் தங்கி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். சிலருடைய இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஜி-6-பி-டி என்னும் நொதிப் பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும். இக்குறை ஆண் குழந்தைகளிடம் அதிகம். அத்தகைய குழந்தைக்கு நாப்தலீன் பட்டால் சிவப்பு அணுக்கள் மளமளவென்று உடையும். காமாலை ஏறும். மிதமிஞ்சி ஏறினால் மூளையைத் தாக்கி, ஆயுள் முழுவதும் தீராத ஊனத்தை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

எங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருந்தது. நீல விளக்கின் அடியில் இரவும் பகலும் கிடத்தியிருந்தார்கள். ஒருமுறை இரத்தம் மாற்றவும் நேர்ந்தது. கடவுள் அருளாலும் டாக்டர் அம்மாளின் மூக்கின் கூர்மையாலும் குழந்தை பிழைத்தது.

வெட்கத்துடன் இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மூட்டையில் இருந்த அத்தனையும் பருத்தித் துணி. பருத்தியை உண்டு அந்துப்புழு வாழ முடியாது. திருடனே எட்டிப் பாராத வீட்டுக்கு நான் விஷத்தைக் காவல் வைத்திருக்கிறேன்! நானோ பட்டதாரி, பள்ளிக்கூடத்து உபாத்தியாயன். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நாலு பருவங்களையும் வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன். கரும்பலகையில் இருந்த பாடம் வீட்டுப் பீரோ வரையில் வந்து சேரவில்லை.

* * *

அந்தப் பாடம் இதுதான்: பறப்பது வேறு, தின்பது வேறு. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சிக்குச் சிறகு முளைத்த பிறகு ஆகாரமே கிடையாது. தின்பதெல்லாம் அதற்கு முந்திய புழுப் பருவத்தில்தான். பெண் பூச்சி கம்பளியின் மடிப்புகளில் சுமார் நாற்பது, ஐம்பது முட்டைகள் இடும். பொரித்து வரும் வெண்ணிறப் புழு இரண்டு மாதத்திலும் வளர்ந்துவிடும். ஆகாரம் போதாவிட்டால் இரண்டு வருஷம் வரையிலும் புழுவாகவே காலம் தள்ளும். பெண் பூச்சி பெரும்பாலும் இருட்டில் ஓடி ஒளியும். பறந்து திரிவது பெரும்பாலும் ஆண். எங்கள் விளக்குமாற்றுக்குப் பலியானதும் அநேகமாக அப்படி ஓர் ஆணாகத்தான் இருக்கும். சால்வையைத் தின்ற புழுக்களோ மடிப்புக்குள் சுகமாக இருந்தன.

இந்தப் பூச்சி வெளிச்சத்தைக் கண்டால் அஞ்சும். ஆகையால் இரவில் கூடத்து விளக்கைச் சுற்றும் பூச்சிகளைக் கண்டு புடவைகளுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. அவை வேறு ஜாதி.

கம்பளி, ரோமம், இறகு ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்னும் பொருளை ஜீரணிக்கும் சக்தி உயிர்களில் வெகு சிலவற்றுக்கே உண்டு. அந்துப்புழு அவற்றுள் ஒன்று. பட்டையும் சில சமயம் கடிக்கும். வியர்வையும் எண்ணெயும் சாப்பாட்டுக் கறையும் படிந்த இடம் என்றால் அதற்கு இன்னும் ருசி. எங்கள் சால்வையில் துவாரங்கள் கழுத்துப் பக்கத்திலேயே நெருங்கியிருந்த காரணம் இப்போது விளங்குகிறது. பனிக்காலம் முடிந்ததும் துவைக்காமல் மடித்து வைத்தவன் நான்தான்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கம்பளியை எடுத்து வைக்குமுன் துவைத்தோ சலவைக்குக் கொடுத்தோ கறை போக்க வேண்டும். நல்ல வெயிலில் இருபுறமும் திருப்பிப் போட்டு, தையல் ஓரங்களையும் மடிப்புகளையும் பிரஷினால் துடைக்க வேண்டும். முட்டையும் புழுவும் உதிர்வது இதனால்தான். பிறகு காற்றுப் புகாத உறையில் போட்டு வாயை இறுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக ஒருவரும் கை வைக்காத பெட்டிதான் அந்துக்குச் சொர்க்கம்.

புழு புகுந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீஸரில் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார்கள் பெட்டியில் வைத்தவை. வைப்பதில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த புழுவை அவை கொன்றுவிடும் என்று நம்பியிருக்கலாகாது. நம் பாட்டிமார்கள் வேப்பிலை வைக்குமுன் துணியை வெயிலில் உலர்த்தினார்கள். நாம் முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்கிறோம்.

சுவரில் பூசணி விதையைப் போலத் தட்டையாக ஒரு சாம்பல் நிறக் கூடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். மண்ணும் தூசியும் நூலும் சேர்த்துப் பின்னிய அந்தக் கூட்டின் இரு முனைகளிலும் வாசல் உண்டு. உள்ளே இருப்பதும் ஒரு வகை அந்துப்புழுதான். எந்தத் திசையில் போக விருப்பமோ அந்த வாசலில் தலையை நீட்டி, வீட்டையும் இழுத்துக்கொண்டு புறப்படும்! அதன் ஆகாரம் பழைய சிலந்தி வலை, செத்த பூச்சி, உதிர்ந்த மயிர் முதலியவை. கம்பளி அகப்பட்டால் அதையும் விடாது. இதற்கு மருந்து வேண்டாம். ஒட்டடைக் கம்பே போதும்.

* * *

பீரோவை விட்டுச் சமையலறைக்கு வருவோம். அரிசி, ரவை, கம்பு, வேர்க்கடலை இவற்றில் நூலாம்படை போல் கோத்துக்கொண்டு கட்டி கட்டியாக இருந்தால், அது அரிசி அந்துவின் கைவரிசை. இங்கும் தின்பது புழுவே. மூடியைத் திறந்ததும் முகத்தில் மோதும் பூச்சி அன்று. பூச்சியை விரட்டிவிட்டு மூடியைச் சாத்தினால் பயனில்லை. தானியத்தைச் சலித்து வெயிலில் காய வைக்க வேண்டும். டப்பாவின் மூடி இடுக்கையும் அலமாரி மூலைகளையும் துடைக்க வேண்டும். புழுக்கள் கூடு கட்டுவதற்கு இத்தகைய இடுக்குகளை நாடும். பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டாமல், பாத்திரத்தைக் காலி செய்து துடைத்த பிறகே நிரப்ப வேண்டும். நூல் கட்டிய மாவை ஆசை பாராமல் எறிந்துவிட வேண்டும். உண்ணும் பண்டத்தின் அருகே அந்துருண்டையோ வேறு விஷ மருந்தோ ஒருபோதும் கூடாது.

நெல்லில் விழும் அந்து இன்னும் தந்திரமானது. ஒரு மணிக்குள் ஒரு புழு புகுந்து, உள்ளிருப்பதைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகிக் கடைசியில் வட்டமான ஒரு துவாரத்தின் வழியே பூச்சியாக வெளிவரும். அதுவரையில் நெல் பார்வைக்கு நெல்லாகவே இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து அங்கூமுவா மாகாணத்தில் இந்தப் பூச்சி தானியத்தைப் பெரிதும் சேதப்படுத்தியது. துயமேல், தில்லே என்ற இரண்டு விஞ்ஞானிகள் அங்கு சென்று ஆராய்ந்து 1762-இல் நூல் ஒன்று வெளியிட்டார்கள். தானியத்தை அடுப்பறையில் சூடேற்றிப் புழுவைக் கொல்வது அவர்கள் சொன்ன பரிகாரங்களில் ஒன்று. அடுப்பறைக்குப் பதிலாக நமக்குச் சித்திரை வெயில் இருக்கிறது. பல்லில் கடித்தால் 'டக்'கென்று ஒடியும்வரை நெல்லைக் காயப்போட்டு, குதிரின் வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிய நம் குடியானவர்களும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்.

* * *

தோட்டத்திலும் அதே சட்டந்தான். மழைக்குப் பிறகு முருங்கை மரத்தின் அடியில் கம்பளிப்பூச்சிகள் கும்பல் கும்பலாக அப்பிக் கிடக்கும். இவை ஒரு பெரிய அந்துப்பூச்சியின் குழந்தைகள். பகலில் இப்படிக் கூடியிருந்து, இரவில் மேலேறி இலையைத் தின்னும். கூடியிருக்கும் சமயமே நமக்குச் சாதகம். நீண்ட கழியில் தீப்பந்தம் கட்டி, மரம் கருகாமல் அந்தக் கும்பலை மட்டும் சுட்டுவிடலாம். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. ரோமம் மேலே பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்து, பிறகு சோப்பினால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தாமதமின்றி டாக்டரிடம் போக வேண்டும்.

கத்தரிச் செடியின் குருத்து திடீரென்று தலை தொங்கினால், உள்ளே புழு இருக்கிறதென்று அர்த்தம். வாடிய குருத்தைக் கொஞ்சம் கீழே சேர்த்துக் கிள்ளி நசுக்கிவிட வேண்டும். துவாரம் விழுந்த காய்களையும் பறித்து அப்புறப்படுத்த வேண்டும். செடியிலே விட்டுவைத்தால் அந்தப் புழுக்களே அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையர் ஆகும். இந்தப் பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்று இப்போது விற்கிறார்கள். பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாக வைத்து ஆண் பூச்சிகளை ஏமாற்றுவது அது. அத்தகைய மணப் பொருள் ஒன்றை முதன்முதலில் பிரித்தெடுத்து இன்னதென்று கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ப் பூட்டனாண்ட். 1959-இல் வெளியான அந்த ஆராய்ச்சிக்கு அவர் சுமார் 5 லக்ஷம் பெண் பட்டுப்பூச்சிகளை உபயோகித்தார்.

ஆனால் தோட்டத்திலுள்ள எல்லாப் புழுக்களையும் கொன்று தீர்க்கப் புறப்பட வேண்டாம். நந்தியாவட்டையிலும் அரளியிலும் பச்சை நிறத்தில் விரல் பருமனுக்கு ஒரு புழு இருக்கும். முதுகின் முன்புறத்தில் கண்களைப் போல் இரண்டு நீலப் பொட்டுகள் கொண்டிருக்கும். நாலு இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும். சில வாரங்களில் அது பாசிப் பச்சையும் ரோஜா நிறமும் கலந்த சிறகுகளுடன், அந்தி நேரத்தில் பூவுக்கு முன்னே அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் அழகிய பூச்சியாக வரும். இந்த வகைப் பூச்சிகளே பப்பாளியின் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகின்றன. தோட்டத்தில் பப்பாளி காய்க்க வேண்டுமானால் இவையும் வாழ வேண்டும்.

விளக்கில் விழும் விட்டிலைக் காதலின் மயக்கத்துக்கு உவமை கூறுவது உலக வழக்கம். 2024-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. ஆதிகாலம் முதல் இரவில் வெளிச்சமாயிருப்பது வானம். அதற்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நேராகப் பறக்கலாம் என்பது பூச்சியின் இயல்பறிவு. நம் விளக்கு பக்கவாட்டில் எரியும்போதும் அது முதுகை விளக்கின் பக்கமே திருப்புகிறது. அதனால் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது. பாவம், மயக்கமும் இல்லை, மோகமும் இல்லை. வானம் எது என்று தெரியாத தடுமாற்றம். வாசல் விளக்கை வேண்டாதபோது அணைத்துவிட்டால் அதற்கும் நல்லது, மின்சாரச் செலவும் மிச்சம்.

* * *

கடைசியாக ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். நாம் அந்து அரிக்காமல் பொத்திப் பொத்திக் காக்கும் காஞ்சீபுரம் பட்டுப்புடவையே ஓர் அந்துப்பூச்சியின் கூட்டை அவிழ்த்து நூற்ற நூல்தான். நாம் சலித்து எறிகிறோமே, அந்த அரிசி அந்துவைக் கம்பு நொய் போட்டு வேண்டுமென்றே வளர்க்கும் ஆய்வுக் கூடங்களும் உண்டு. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அப்படி வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்னும் கடுகிலும் சிறிய குளவியை அவற்றினுள் முட்டையிட விடுகிறார்கள். அந்த அட்டையைக் கரும்புத் தோட்டத்தில் கட்டினால், வெளிவரும் குளவிகள் கரும்பைத் துளைக்கும் புழுவின் முட்டைகளைத் தேடி அழிக்கின்றன. அடுக்களையில் சத்துருவாக இருப்பது வயலில் சகாயம் செய்கிறது. எது எங்கே என்ன செய்கிறது என்று அறிந்துகொண்டவனுக்கு விஷத்தின் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது அந்துருண்டை கிடையாது. தங்கையின் பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். தரையில் வெள்ளையாக எது கிடந்தாலும் வாயில் போட்டுக்கொள்ளும் வயசு. வெள்ளை மிட்டாய் போன்ற அந்த உருண்டையை விழுங்கினால் எந்தக் குழந்தைக்கும் ஆபத்துத்தான்.

சால்வையை இழை தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து வாங்கினேன். பத்தொன்பதில் பதினாறு துவாரங்கள் அடைபட்டன. மூன்று இன்னும் தெரிகின்றன. மாதப் பிறப்பன்று அம்மா அதை மாடி வெயிலில் விரித்து, உதறி, கழுத்துப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். சென்ற மாதம் பார்த்தபோதும் துவாரங்கள் மூன்றுதான்.